சிகிச்சைக்கும் ஜிம்முக்கும் நடுவே ஒரு தொழில்: இத்தாலியின் எல்எம்-67 முதுகலைக்கு விண்ணப்பிப்பது எப்படி

பக்கவாதம் வந்து, மருத்துவமனையில் படுத்து, சில மாதங்கள் பிசியோதெரபி எடுத்து, கைத்தடியுடன் நடக்கத் தொடங்கிவிட்டவருக்கு இனிச் சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் ஒரு நாள் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்தே இருந்தால் பாடுபட்டு மீட்ட நடை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். தெருமுனை ஜிம்முக்குப் போனாலோ, அங்கிருக்கும் பயிற்சியாளருக்கு அவரை எப்படிக் கையாள்வதென்று தெரியாது. சிகிச்சை முடியும் இடத்துக்கும் ஜிம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்கென்றே ஆட்களைத் தயார்செய்யும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு ஒன்று இத்தாலியில் இருக்கிறது. நோய்த்தடுப்புக்கான உடலியக்கம், நோயும் குறைபாடும் உள்ளவர்களுக்கு ஏற்பத் தகவமைத்த உடலியக்கம் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் அந்தப் படிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி விண்ணப்பிப்பது, உள்ளே போனால் என்ன செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். இதற்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிபிடி (பிசியோதெரபி இளநிலை), பிபிஎட் (உடற்கல்வி இளநிலை), விளையாட்டு அறிவியல் பட்டதாரிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

இத்தாலியில் ஒவ்வொரு பட்டப்படிப்பும் அரசு வரையறுத்த ஏதாவது ஒரு வகுப்பின் கீழ் வரும். படிப்பின் பெயரைப் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். வகுப்பு எண்ணை மாற்ற முடியாது. நமக்கு வேண்டியது எல்எம்-67. இதற்குப் பக்கத்திலேயே எல்எம்-68, எல்எம்-47 என்று இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. முன்னது போட்டி விளையாட்டின் அறிவியலும் நுட்பமும் பற்றியது. பின்னது விளையாட்டு நிறுவனங்களின் நிர்வாகம் பற்றியது. 'ஆரோக்கியம்', 'நலவாழ்வு' போன்ற சொற்கள் தலைப்பில் இருப்பதை மட்டும் பார்த்து விண்ணப்பித்துவிட்டு, சேர்ந்த பிறகுதான் அது நிர்வாகப் படிப்பு என்று கண்டுகொள்ள நேரலாம். எனவே எந்தப் படிப்பின் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பெயரைப் படிப்பதற்கு முன்பே வகுப்பு எண்ணைத் தேடுங்கள். சில இடங்களில், எடுத்துக்காட்டாக ஃபுளோரன்சில், எல்எம்-67, எல்எம்-68 இரண்டையும் இணைத்த படிப்பு நடக்கிறது. அங்கே எந்த வகுப்பின் பட்டம் வேண்டும் என்பதை நீங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும்.

எண்ணுக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் சட்டம். 2021 பிப்ரவரி 28 தேதியிட்ட 36-ஆம் எண் ஆணையின் 41-ஆவது பிரிவு 'கினெசியோலொகோ' (உடலியக்க வல்லுநர்) என்ற தொழிலை வகைப்படுத்திப் பெயரிட்டது. எல்-22 என்ற மூன்றாண்டு இளநிலை முடித்தவர் அடிப்படைக் கினெசியோலொகோ. எல்எம்-67 முடித்தவர் நோய்த்தடுப்பு மற்றும் தகவமைத்த உடலியக்கத்துக்கான கினெசியோலொகோ. உடல்நிலை மருத்துவக் கண்காணிப்பில் கட்டுக்குள் வந்து நிலைப்பட்டிருப்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடலியக்கத் திட்டம் வகுப்பது, நடத்துவது, அதன் பலனை மதிப்பிடுவது, மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பின் உடற்செயல்பாட்டைத் தக்கவைப்பது ஆகியவை இவருடைய வேலை என்று சட்டம் சொல்கிறது. 'நிலைப்பட்ட' என்ற அந்தச் சொல்தான் இந்தத் தொழிலின் எல்லைக்கோடு. நோய் இன்னும் ஆட்டம் காட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அவர் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோதான் இருக்க வேண்டும், உங்களிடம் அல்ல.

பிபிடி முடித்தவர்கள் இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் பிசியோதெரபி தனி மருத்துவத் தொழில். அதற்குத் தனிப் பட்டம், தனிப் பதிவு உண்டு. வெளிநாட்டுப் பிசியோதெரபிஸ்ட் அங்கே அந்தத் தொழிலைச் செய்ய வேண்டுமென்றால், தன் தகுதியை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அங்கீகரிக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். எல்எம்-67 அதற்குக் குறுக்குவழி அல்ல. இந்தப் படிப்பை முடித்தால் ஐரோப்பாவில் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடலாம் என்று எந்த முகவராவது சொன்னால், அவர் மேசையிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

எங்கே, எந்த மொழியில்

ரோம் நகரின் 'ஃபோரோ இத்தாலிகோ' பல்கலைக்கழகம் உடலியக்கத்துக்கும் விளையாட்டுக்கும் மட்டுமேயான அரசுப் பல்கலைக்கழகம். இத்தாலியில் உடற்கல்வி நெடுங்காலம் 'இசெஃப்' எனப்பட்ட தனி நிறுவனங்களில் கற்பிக்கப்பட்டது. 1998-இல் வந்த சட்டத்தால் அவை பல்கலைக்கழகப் படிப்புகளாக மாறின. ரோமில் அந்த மாற்றத்தின் வழியே உருவானதுதான் இது. எல்எம்-67 வகுப்பில் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் 'ஆரோக்கியமும் உடலியக்கமும்' என்ற முதுகலைப் படிப்பு இங்கே உண்டு என்பதால், இத்தாலிய மொழி தெரியாத நம்மவர்களுக்கு இயல்பான முதல் தேர்வு இதுவே.

பொலோஞா, பாதுவா, வெரோனா, தூரின் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களிலும் எல்எம்-67 இருக்கிறது. பெரும்பாலும் இத்தாலிய மொழியில்தான் நடக்கிறது. அதற்குப் பொதுவாக பி2 அளவு, அதாவது ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் அளவு, மொழித்திறன் கேட்பார்கள். சியெனாவின் சில்ஸ், பெருஜாவின் செலி, தாந்தே அலிகியெரி சங்கத்தின் ப்ளீதா ஆகிய சான்றிதழ்கள் பரவலாக ஏற்கப்படுகின்றன. ஆங்கிலப் படிப்பில் சேர்ந்தாலும் இத்தாலிய மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். வகுப்பறை ஆங்கிலத்தில் இருக்கலாம். களப்பயிற்சியில் உங்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு 'மூச்சை அடக்காமல் எழுந்திருங்கள்' என்பதை இத்தாலிய மொழியில்தான் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மதிப்பெண் பட்டியலை அவர்கள் கணக்கில் மாற்றிப் பாருங்கள்

விண்ணப்பங்கள் சறுக்கும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இத்தாலியில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 மணிநேர உழைப்பு; ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். மூன்றாண்டு இளநிலைக்கு 180, அதன் மேல் இந்த முதுகலைக்கு 120. சேர்க்கைக்கு வெறும் பட்டம் போதாது. குறிப்பிட்ட பாடத்துறைகளில் குறைந்தபட்சம் இத்தனை கிரெடிட் முன்பே படித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அறிவிப்பில் எழுதியிருக்கும். அந்தப் பாடத்துறைகளுக்குக் குறியீடுகள் உண்டு. உடலியக்கக் கற்பித்தல் முறைகளுக்கு எம்-ஈடிஎஃப்/01, விளையாட்டு முறைகளுக்கு எம்-ஈடிஎஃப்/02, உடலியங்கியலுக்குப் பயோ/09, மனித உடற்கூறியலுக்குப் பயோ/16 என்பவை பழைய குறியீடுகள். 2024-இல் இவை திருத்தப்பட்டு எம்ஈடிஎஃப்-01/ஏ, எம்ஈடிஎஃப்-01/பி, பயோஸ்-06/ஏ, பயோஸ்-12/ஏ என்று மாறின. அறிவிப்பில் எந்த வரிசை இருந்தாலும் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன.

நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் இந்தக் குறியீடுகள் இருக்காது. கிரெடிட் இருந்தாலும் அவர்கள் கணக்கோடு பொருந்தாது. எனவே பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து நீங்களே ஒரு தோராயக் கணக்குப் போடுங்கள். முதலாண்டில் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து வகுப்பும் செய்முறையுமாக 1,200 மணிநேரம், அதில் உடலியங்கியலுக்கு 160 மணிநேரம் என்று வைத்துக்கொண்டால், 160-ஐ 1,200-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க வேண்டும். 8 கிரெடிட் வருகிறது. இப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் போட்டு, அறிவிப்பு கேட்கும் குறியீட்டுக்கு நேரே எழுதிப் பாருங்கள். இறுதி முடிவு சேர்க்கைக் குழுவுடையது. ஆனால் எங்கே பள்ளம் இருக்கிறது என்பது இந்த ஒரு தாளிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிபிடி பட்டதாரிகளுக்கு உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் தாராளமாக நிரம்பும். உடலியக்கக் கற்பித்தல் என்ற கட்டம்தான் காலியாகக் கிடக்கும். பிபிஎட், விளையாட்டு அறிவியல் படித்தவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படித்தவர்களுக்குக் கற்பித்தலும் பயிற்சியியலும் பலமாக இருக்கும்; மருத்துவம் சார்ந்த பாடங்களைத் தேடிப் பொறுக்கிக் காட்ட வேண்டியிருக்கும். பாடத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பினால் சேர்க்கைக் குழு அதை எந்தக் குறியீட்டில் சேர்ப்பதென்று தெரியாமல் விட்டுவிடக்கூடும். ஆகவே 'சிகிச்சைப் பயிற்சிகள்' என்ற தாளில் குழுவாகப் பயிற்சி நடத்துவது, முன்னேற்றத்தைப் படிப்படியாகக் கூட்டுவது ஆகியவை இருந்தன என்றால், அந்த அலகுகளையும் மணிநேரங்களையும் கல்லூரி முத்திரையுடன் கூடிய பாடத்திட்டப் பிரதியாகவே இணையுங்கள். இல்லாததைச் சேர்த்து எழுதக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையிலேயே கிரெடிட் குறைந்தால்? இளநிலைப் படிப்புகளைப் போலக் குறையோடு உள்ளே விட்டு, பிறகு தீர்த்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் இத்தாலிய முதுகலையில் இல்லை. குறையைச் சேர்வதற்கு முன்பே தீர்க்க வேண்டும் என்பது 2004-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. தனிப் பாடமாகப் பதிவுசெய்து தேர்வெழுதும் வழி அங்கே உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து அதைச் செய்வது சுலபமல்ல. வேறு பல்கலைக்கழகத்தின் நிபந்தனை இளகலாக இருக்கிறதா என்று பார்ப்பதே பெரும்பாலும் மிச்சமுள்ள நடைமுறை வழி.

ஆவணங்களும் பணமும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் மாணவர்கள் 'யுனிவர்சிட்டாலி' என்ற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தின் சொந்த விண்ணப்பம் இதிலிருந்து வேறு. இரண்டில் ஒன்றை மட்டும் முடித்துவிட்டுக் காத்திருப்பது வழக்கமாக நடக்கும் தவறு. முன்பதிவைப் பல்கலைக்கழகம் ஏற்ற பிறகே மாணவர் விசாவுக்குப் போக முடியும். தேதிகள் ஆண்டுதோறும் மாறும்.

பட்டத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் மாநில அரசின் சான்றொப்பமும், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வாங்குங்கள். உங்கள் பட்டம் இத்தாலியில் எதற்குச் சமம் என்பதற்குச் சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் 'சிமெயா' மையத்தின் ஒப்பீட்டுச் சான்றைக் கேட்கும்; சில, தூதரகம் தரும் மதிப்புச் சான்றைக் கேட்கும்; சிலவற்றுக்கு இரண்டில் எது இருந்தாலும் போதும். எது வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைச் சேமித்துவைத்த பிறகு பணம் கட்டுங்கள்.

கல்விக்கட்டணமும் வட்டார அரசுகள் வழங்கும் உதவித்தொகையும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தவை. அதற்காக 'இசே பரிஃபிகாத்தோ' என்ற கணக்கீட்டைச் செய்ய வேண்டும். நம்மவர்கள் திணறும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. அவர்கள் கேட்பது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானம். அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் வருமான வரிப் படிவமோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. எனவே அப்பா, அம்மா இருவருடைய சம்பளச் சான்றையும் நாட்காட்டி ஆண்டுக் கணக்கில் அலுவலகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். கூடவே அந்த ஆண்டின் டிசம்பர் 31 அன்று வங்கியில் இருந்த இருப்பு, வீடு நிலம் பற்றிய விவரம் எல்லாம் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் ஒரே வருமானச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு இது போதும் என்று நினைத்தால் கடைசி வாரத்தில் ஓடவேண்டியிருக்கும்.

இறங்கியதும் 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு அஞ்சலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை பார்க்கலாம்.

உள்ளே என்ன படிப்பீர்கள்

வயதான காலத்தின் உடலியங்கியல், நீரிழிவும் இதயநோயும் புற்றுநோயும் உள்ளவர்களுக்கான பயிற்சி, நரம்பு நோய்கள், உடல், புலன், அறிவு சார்ந்த குறைபாடுகள், உளவியல், கற்பித்தல், பொதுச் சுகாதாரம், புள்ளியியல் என்று பாடங்கள் விரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி, முதியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. பார்க்கின்சன் உள்ள ஒருவருக்கு அந்த 150 நிமிடத்தை மாத்திரை வேலை செய்யும் நேரத்தோடு எப்படிப் பொருத்துவது என்பதில்தான் படிப்பு தொடங்குகிறது.

மிக எளிதாகத் தெரியும் ஆறு நிமிட நடைச் சோதனையையே பாருங்கள். 30 மீட்டர் நேரான நடைபாதை, இரு முனையிலும் ஒரு கூம்பு, ஒரு கடிகாரம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் பக்கத்தில் கூடவே நடந்தால் அவர் உங்கள் வேகத்துக்கு நடப்பார், அளவு கெட்டுவிடும். ஒவ்வொரு நிமிடமும் வரையறுத்த சொற்றொடரை மட்டுமே, ஒரே குரலில், சொல்ல வேண்டும். 'சபாஷ், இன்னும் வேகமாக' என்று இன்று சொல்லிவிட்டு மூன்று மாதம் கழித்து மௌனமாக நின்றால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. அவர் மூச்சு வாங்க நின்றாலும் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. 15 மீட்டர் வராந்தாவில் வைத்தால் திரும்புவதற்கே நேரம் போய்த் தூரம் குறையும். எனவே முதல் சோதனையும் அடுத்த சோதனையும் ஒரே நடைபாதையில் நடந்தாக வேண்டும்.

இதயத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, 220-இல் வயதைக் கழித்து வரும் உச்ச இதயத்துடிப்புக் கணக்கு செல்லாது. மாத்திரை துடிப்பை ஏறவிடாது. அவரிடம் போர்க் அளவுகோலைக் காட்டி, 6 முதல் 20 வரையிலான எண்களில் உழைப்பு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்று கேட்க வேண்டும். 12, 13 என்றால் மிதமான உழைப்பு. இன்னொன்று, தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. தண்டுவடம் மார்புப் பகுதியின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலே இரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். பயிற்சியின் நடுவே மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பு, வியர்வை என்று வந்தால் அதைக் களைப்பு என்று எண்ணிப் படுக்கவைத்துவிடக் கூடாது. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான வார்களைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

களப்பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், தஸ்கனி வட்டாரத்தில் 'ஆஃபா' என்ற பெயரில் நடக்கும் குழுப் பயிற்சிகளைப் பார்க்கக் கேளுங்கள். பக்கவாதம் வந்து நெடுநாளானவர்கள், முதுகுவலிக்காரர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு மருத்துவமனைக்கு வெளியே, ஊர் ஜிம்களிலும் சங்கங்களிலும், சிறு கட்டணத்தில் நடக்கும் வகுப்புகள் இவை. எம்போலி ஊரில் இது வேரூன்றிய விதம் இத்துறையில் நன்கு அறியப்பட்டது. வெனெத்தோ போன்ற வட்டாரங்களில் 'ஆரோக்கிய ஜிம்' என்று தகுதி பெற்ற கூடங்கள் உண்டு. பளபளப்பான கருவிகள் உள்ள இடத்தைவிட, ஒரே வகுப்பில் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு விதமாக நாற்காலியிலிருந்து எழும் இடத்தில்தான் கற்பதற்கு அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

தேர்வுகளில் வாய்மொழித் தேர்வுக்குப் பெரிய இடம் உண்டு. மதிப்பெண் 30-க்கு, தேர்ச்சிக்கு 18. கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் ஏற்க மறுத்து அடுத்த சுற்றில் மீண்டும் எழுதும் வழக்கமும் உண்டு. நம் ஊரில் அரியர் வைத்தவனைப் பார்க்கும் பார்வை அங்கே இல்லை. ஆய்வேட்டோடு சேர்த்து இறுதி மதிப்பெண் 110-க்கு வரும்.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு

இந்தியாவில் கினெசியோலொகோ என்ற சட்டப் பெயர் இல்லை. பிபிடி உள்ளவர்கள் திரும்பிவந்தும் பிசியோதெரபிஸ்ட்டாகத்தான் அறியப்படுவார்கள்; முதுகலை அவர்களுடைய வேலையின் பரப்பை விரிக்கும், பெயரை மாற்றாது. மற்றவர்கள் கல்லூரிப் பணி, மாற்றுத்திறனாளி விளையாட்டு, முதியோர் இல்லங்கள், நிறுவனங்களின் நலத்திட்டங்கள் ஆகியவற்றைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சிகிச்சை முடிந்தவரை அடுத்து யார் நடக்கவைப்பது என்ற கேள்வி தமிழ்நாட்டிலும் திறந்தே இருக்கிறது.

கல்லூரிப் பணிக்குப் போக நினைப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பட்டத்தின் இணைத்தன்மைச் சான்று தேவைப்படும். அதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் வெளியிட்டிருக்கிறது. ஆகவே ரோமையோ பாதுவாவையோ விட்டுக் கிளம்பும் முன், பட்டத்தோடு ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும், களப்பயிற்சி நடந்த இடம், மணிநேரம், நீங்கள் பார்த்த உடல்நிலை வகைகள் ஆகியவற்றைக் குறிப்பிடும் கடிதத்தையும், இரண்டையும் ஆங்கிலத்தில், பல்கலைக்கழக முத்திரையுடன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த பிறகு மின்னஞ்சல் அனுப்பி வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.